கார்டெல் பந்தை ஏன் விடுகிறான்?

ஒன்பதாவது பந்தும் கார்டெலின் இரண்டு கைகளுக்கும் நடுவே புகுந்து, நெஞ்சில் மோதி, புல்லில் விழுந்து உருண்டபோது ஆர்லோ பென்டர் நோட்டில் ஒன்பதாவது கோட்டைப் போட்டார். பிறகு பென்சிலைக் கடித்தார். இருபது பந்து வீசியதில் ஒன்பது தரையில்.

நடக்கக் கூடாத காரியம். இந்தப் பையன் போன சீசனில் ஆடிய பதினோரு ஆட்டங்களையும் மும்மூன்று தடவை வீடியோவில் பார்த்துவிட்டுத்தான் அவர் மெம்ஃபிஸிலிருந்து நாலு மணி நேரம் காரோட்டி, அர்கன்ஸாவின் தென்கோடியில் இருந்த இந்தச் சின்னக் கல்லூரிக்கு வந்திருந்தார். கைக்கு எட்டி வந்த எண்பத்திரண்டு பந்துகளில் எண்பத்தொன்றை அவன் பிடித்திருந்தான். விட்ட அந்த ஒன்றும் ஆலங்கட்டி மழையில்.

ஆர்லோவுக்குப் பிழைப்பே இதுதான். மெம்ஃபிஸின் அமெரிக்கக் கால்பந்து அணிக்காகக் கல்லூரி கல்லூரியாகப் போய், ஓடிப்போய்ப் பந்து பிடிக்கிற பையன்களைப் பார்த்து, பெரிய ஆட்டத்துக்குத் தேறுவானா மாட்டானா என்று எழுதி அனுப்புவது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற மாதிரிதான். ஒரே வித்தியாசம், இந்த மாப்பிள்ளைக்கு எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்ல வாயில்லை. ஏப்ரல் கடைசியில் அணிகள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு பையனாகப் பொறுக்கும். போன வருடம் கடைசி இடத்தில் வந்த அணிக்கு முதல் உரிமை. போன வருடம் கடைசி, டுலூத். அதற்கு ஒரு படி மேல், மெம்ஃபிஸ். ஆக, டுலூத் கை வைத்தது போக மிச்சம்தான் மெம்ஃபிஸுக்கு.

அதனால்தான் அவர் தலையில் அந்தத் தொப்பி இருந்தது. நீலத் தொப்பி, நெற்றியில் வெள்ளைக் கரடி. டுலூத் அணியின் தொப்பி. வழியில் பெட்ரோல் பங்க்கில் வாங்கியது. இந்தத் தொழிலில் தனக்கு யார் மேல் கண் என்று வெளியே காட்டினவன் கெட்டான். மூன்று வருடம் முன்பு மெம்ஃபிஸின் ஆரஞ்சுத் தொப்பியோடு ஒரு பையனைப் பார்க்கப் போய், அந்தச் செய்தி டுலூத்துக்கு எட்டி, அவர்கள் முந்திக்கொண்டு அவனைத் தூக்கிவிட்டார்கள். இந்தத் தடவை ஆரஞ்சுத் தொப்பி காரின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் பத்திரமாக மடங்கிக் கிடந்தது.

இந்த ஏற்பாடு அவருடைய மேலதிகாரி கிராடிக்குத் தெரியாது. தெரிந்தால் தொலைந்தது. கிராடியை டுலூத் ஒரு காலத்தில் வேலையை விட்டு அனுப்பியிருந்தது. அவர் அறையில் நீல மை பேனாகூடக் கிடையாது.

அந்த கிராடிதான் கிளம்பும்போது சொல்லியிருந்தார்: "ஆர்லோ, போன வருஷம் நீ 'தங்கம்'னு எழுதிக் குடுத்த பையன் பந்தை விட்டுட்டு எதிராளியைப் பிடிச்சான். ஊரே சிரிச்சுது. இந்தத் தடவை எனக்குக் கட்டுரை வேணாம். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள்ள ஒரே வார்த்தை. எடுக்கலாமா, வேணாமா? அதுவும் தப்பாப் போச்சுன்னா மே மாசம் நீ ஆபீஸ் பக்கம் வரவே வேணாம்."

பயிற்சி முடிந்ததும் ஆர்லோ மைதானத்துக்குப் பின்னால் இருந்த சலவை அறைக்குப் போனார். பயிற்சியாளரைக் கேட்டால் தன் பையனைப் புகழ்வார். அம்மாவைக் கேட்டால் அழுவாள். உண்மை தெரிய வேண்டுமென்றால் பையனின் அழுக்குத் துணியைத் துவைக்கிறவரைக் கேட்க வேண்டும். இது ஆர்லோ இருபத்தாறு வருடமாகக் கடைப்பிடிக்கும் முறை.

துவைக்கிறவள் பெயர் வெர்னா. வாட்டசாட்டமான பெண்மணி. ஈரத் துண்டுகளைப் பிழிந்துகொண்டே அவர் தலையைப் பார்த்தாள்.

"டுலூத்தா?"

"தொப்பியே சொல்லுதுல்லம்மா."

"அங்க மே மாசம்கூட ஏரி உறைஞ்சு கிடக்குமாமே?"

"நல்லா இருக்கும்மா. சறுக்கி விளையாடலாம்."

"விளையாடுவாங்க, விளையாடுவாங்க" என்றவள், மேசைமேல் கிடந்த ஆரஞ்சு நிறச் சமாச்சாரம் ஒன்றைச் சட்டென்று துண்டுகளுக்கு அடியில் தள்ளினாள்.

"அது என்னது?"

"சாக்ஸ். கிழிஞ்சது."

"கார்டெல் எப்படிப்பட்ட பையன்?"

"தங்கமான பையன். என்ன, கையிலதான் ஒண்ணும் நிக்காது. போன வாரம் சோப்புப் பெட்டியைக் குடுத்தேன், காலுல போட்டுக்கிட்டான். பாவம்."

ஆர்லோ எழுதிக்கொண்டார்: 'சோப்புப் பெட்டி. எந்தக் கால்?'

"எந்தக் காலுலம்மா?"

வெர்னா கொஞ்சம் யோசித்தாள். "இடது."

இடது! விழுந்த ஒன்பது பந்துகளும் இடப்பக்கம் வந்தவை. அவர் உட்கார்ந்திருந்ததும் இடப்பக்கப் படிகளில்தான். கண்ணுக்கு நேரே நடந்தது. பையனுக்கு இடது கண்ணில் கோளாறு என்று ஆர்லோ அனுமானித்தார். மனம் லேசானது. காரணம் தெரிந்துவிட்டால் எதையும் சகித்துக்கொள்கிற ஜாதி அவர்.

செவ்வாய்க்கிழமை வலது கண்ணைச் சோதிப்பதற்காக வலப்பக்கப் படிகளுக்கு மாறி உட்கார்ந்தார். இடப்பக்கம் வந்த பந்தையெல்லாம் பையன் பூப்பறிக்கிற மாதிரி எடுத்தான். வலப்பக்கம் வந்ததில் பன்னிரண்டு விழுந்தது.

ஆர்லோ நோட்டில் கட்டம் போட ஆரம்பித்தார். தேதி, நேரம், மழை, காற்று, பக்கம், பையன் காலையில் சாப்பிட்டது, ஷூவின் நிறம். ஏழு கட்டம். எதுவும் எதோடும் ஒட்டவில்லை. வறுத்த வெண்டைக்காய் சாப்பிட்ட அன்றும் விழுந்தது. சாப்பிடாத அன்றும் விழுந்தது.

சாயங்காலம் கிராடி போனில் வந்தார். குரலில் ஒரு பதற்றம்.

"ஆர்லோ, அங்க டுலூத்துக்காரன் ஒருத்தன் வந்திருக்கானாமே?"

ஆர்லோ தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். "யார் சார் சொன்னது?"

"அந்த ஊர்ப் பேப்பர்ல போட்டிருக்கான்யா. ரெண்டு நாளா நீலத் தொப்பியோட மைதானத்துல உக்காந்து எழுதிக்கிட்டே இருக்கானாம். நீ பாக்கலை?"

"பார்த்தேன் சார்."

"ஆளு எப்படி?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல வேளை வாய்க்காது. ஆனால் நீலப் பேனாகூட இல்லாத அந்த அறை ஆர்லோவின் கண்முன் வந்தது.

"வயசானவர் சார். கொஞ்சம் புத்திசாலி மாதிரி தெரியுது."

"அப்படின்னா பையன்கிட்ட ஏதோ சரக்கு இருக்கு. டுலூத்துக்காரன் கஞ்சன். சும்மா ஒருத்தனுக்கு மோட்டல் வாடகை குடுக்க மாட்டான். நீ பையனை விடு, அந்தக் கிழவனைப் பாரு. அவன் இருந்தா நீ இரு. அவன் கிளம்பினா எனக்குச் சொல்லு."

ஆக, தன்னையே உளவு பார்க்கும் வேலையும் ஆர்லோவுக்கு வந்து சேர்ந்தது.

புதன்கிழமை காலை கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் அவர் நேராகக் கார்டெலின் எதிரே போய் உட்கார்ந்தார். ஆறடி மூன்று அங்குலம். ஒரு உள்ளங்கையில் பூசணிக்காயை வைக்கலாம். அவ்வளவு பெரிய கையில் முள்கரண்டி பல்குத்தும் குச்சி மாதிரி இருந்தது. அவர் தொப்பியைப் பார்த்ததும் முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"தம்பி, அதோ சுவத்துல எழுதியிருக்கே, இன்னிக்கு என்ன சாப்பாடுன்னு? அதைக் கொஞ்சம் படிங்க."

கார்டெல் கண்ணைச் சுருக்கினான். தலையை முன்னால் நீட்டினான். "அங்க சுவர் இருக்கா சார்?"

ஆர்லோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கண் டாக்டரைப் பார்த்தீங்களா?"

"அவரைக்கூட எனக்குச் சரியாத் தெரியலை சார்."

"கண்ணாடி போட்டா சரியாயிடும் தம்பி. கவலைப்படாதீங்க."

பையன் தட்டை ஒதுக்கி வைத்தான். பிறகு வேறு குரலில், சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான்: "சார், ஒண்ணு கேக்கலாமா? என்னைப் பாக்க வேற டீம்லேர்ந்து யாராவது வர்றாங்களா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

இந்தக் கேள்விக்குத் தொழிலில் ஒரே பதில்தான் உண்டு. ஆர்லோ அதைப் பழக்கத்தில் சொன்னார். "யாரும் வரலை தம்பி. நான் மட்டும்தான்."

கார்டெலின் முகம் தொங்கிவிட்டது. எழுந்து போய்விட்டான். தட்டில் பாதி ஆம்லெட் அப்படியே இருந்தது. ஆர்லோ எழுதினார்: 'பசி குறைவு?'

அவர் சொன்ன யோசனை அன்று மதியமே அமலுக்கு வந்தது. கார்டெல் மூக்குக்கண்ணாடியோடு மைதானத்தில் இறங்கினான். இளஞ்சிவப்பு ஃபிரேம், காதோரம் மினுமினுக்கும் கல். திங்கட்கிழமை அதை வெர்னாவின் கழுத்துச் சங்கிலியில் பார்த்த ஞாபகம் ஆர்லோவுக்கு வந்தது. கண்ணாடியோடு இருபதில் பதினாறு விழுந்தது. ஒன்று தலையில் பட்டு விழுந்தது. பந்து வீசிய பையன் முதுகைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றான். நண்பனின் கதிக்கு அழுகிறான் என்று ஆர்லோ நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்று நாள் கணக்கு: அறுபதில் முப்பத்தேழு.

இப்படிப்பட்டவனை எடுங்கள் என்று எழுதினால் மே மாதம் வேலை இல்லை. வேண்டாம் என்று எழுதினால், வீடியோவில் இருக்கிற அந்த எண்பத்தொன்று? பிடித்தவன் வேறு ஒருவனா? வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தார். அதே பையன். அதே பதினொன்றாம் எண். கன்னத்தில் அதே மச்சம்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. மோட்டலிலிருந்து கார் வரை நடந்ததில் நீலத் தொப்பி சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. அதைக் கார் ஹீட்டர்மேல் காயவைத்துவிட்டு, சலவை அறைத் தாழ்வாரத்தின் தூணோரம் வெறுந்தலையோடு போய் ஒதுங்கினார். அந்த மழையிலும் கார்டெல் ஓடிக்கொண்டிருந்தான்.

ஆர்லோ பார்த்தார். முதல் பந்து முதுகுப்பக்கமாக வந்தது. பையன் திரும்பக்கூட இல்லை. ஒரு கையைப் பின்னால் நீட்டினான், பந்து அதில் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது தலைக்கு மேல். எம்பினான், அந்தரத்தில் ஒரு கணம் நின்றான், விரல் நுனியில் எடுத்தான். மூன்று, நாலு, ஐந்து. வழுக்குகிற பந்து, சேறு, மழை. ஏழு பந்தும் கையில். இருபத்தாறு வருடத்தில் ஆர்லோ இந்த மாதிரிக் கைகளைப் பார்த்ததில்லை. ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

நோட்டு காரில் இருந்தது. அதற்காக ஓடினார். கொட்டுகிற மழையாயிற்றே என்று அரைகுறையாகக் காய்ந்திருந்த தொப்பியை மாட்டிக்கொண்டு, நோட்டோடு திரும்பி ஓடி வந்தார்.

எட்டாவது பந்து விழுந்தது. ஒன்பது விழுந்தது. பத்தாவதை வாங்கப் போய்ப் பையனே விழுந்தான்.

ஆர்லோ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடையில் என்ன மாறியது? வானத்தைப் பார்த்தார். மழை கொஞ்சம் குறைந்திருந்த மாதிரி இருந்தது. 'மழை' என்ற கட்டத்தை 'பெருமழை', 'சிறுமழை' என்று இரண்டாகப் பிரித்தார்.

வெர்னா ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "துடைச்சுக்கங்க சார். ஜுரம் வந்துடும்."

"வெர்னாம்மா, உண்மையைச் சொல்லுங்க. பெருமழையில பிடிக்கிறான், சிறுமழையில விட்டுடுறான். இது எப்படி?"

வெர்னா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் எதற்கோ கொஞ்சம் இரக்கம் வந்த மாதிரி இருந்தது.

"சார், நீங்க கெட்ட மனுஷன் இல்லை. அதனால சொல்றேன். இந்தப் பையன் உங்களுக்குச் சரிப்பட மாட்டான். வேற நல்ல புள்ளையாப் பாருங்க."

"அதான் ஏன்?"

"அவனுக்குக் குளிர் ஒத்துக்காது."

ஆர்லோ 'குளிர்' என்று இன்னொரு கட்டம் போட்டார்.

மதியம் மறுபடி கிராடி.

"கிழவன் இருக்கானா?"

"இருக்கார் சார்."

"நாலு நாளா? மழையிலயுமா?"

"துண்டுகூட வாங்கிக்கிட்டார் சார்."

"துண்டா! அப்ப ஊர்க்காரங்களையே கையில போட்டுக்கிட்டானா!" கிராடிக்கு மூச்சு வாங்கியது. "பையன் வைரமாத்தான் இருக்கணும். நீ என்ன சொல்றே?"

"சார், நான் பார்த்த வரைக்கும் அறுபத்திமூணுல நாப்பது கீழ விழுந்திருக்கு." தாழ்வாரத்திலிருந்து பார்த்த ஏழு பந்துகளை எப்படிச் சேர்ப்பதென்று தெரியாமல் அவர் விட்டுவிட்டார். அது கட்டத்துக்குள் அடங்கவில்லை.

"நாப்பதா? அதைப் பாத்துமா அந்தக் கிழவன் உக்காந்திருக்கான்? அப்ப அவனுக்கு உன்னைவிட ஏதோ தெரிஞ்சிருக்கு ஆர்லோ. நாளைக்கு மதியம். ஞாபகம் வச்சுக்கோ."

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து ஆர்லோ மோட்டல் மேசையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது கட்டம், நாலு நாள். தாளைத் திருப்பிப் போட்டும் பார்த்தார். மனம் அந்த ஏழு பந்துகளுக்கே போனது. எடுக்கலாம் என்று எழுதினார். போன வருடத்துப் பையன் எதிராளியைக் கட்டிப்பிடித்த காட்சி ஞாபகம் வந்தது. அடித்தார். வேண்டாம் என்று எழுதினார். அதையும் அடித்தார். பதினொன்றரைக்கு அறையைக் காலி செய்யச் சொல்லி மோட்டல்காரர் கதவைத் தட்டினார். பெட்டியைக் காரில் வைத்தார். அப்போது போன் அடித்தது.

"சொல்லு ஆர்லோ. எடுக்கலாமா, வேணாமா?"

"சார், இன்னும் ஒரே ஒரு நாள் குடுத்தீங்கன்னா..."

"நாளாவது கிழமையாவது. சரி, அதை விடு. டுலூத் கிழவன் என்ன பண்றான்?"

ஆர்லோ காரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். இந்த ஒரு வாரத்தில் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

"கிளம்பிட்டார் சார்."

"கிளம்பிட்டானா? பெட்டியோடயா?"

"பெட்டியோடதான் சார்."

மறுமுனையில் பெரிய பெருமூச்சு கேட்டது. "அப்ப வேணாம்னு அர்த்தம். நாலு நாள் பாத்துட்டு, சீ போன்னு போயிட்டான். நல்ல வேளை, நம்ம தலை தப்பிச்சுது. பலகையில பையன் பேரை இப்பவே அழிச்சுட்டேன். அந்த இடத்துக்குப் பட்டியல்ல அடுத்து இருந்த அயோவாப் பையனைப் போட்டுத் தலைமை ஆபீசுக்கும் அனுப்பியாச்சு. ஆர்லோ, இந்தத் தடவை நீ நல்லா வேலை பார்த்தேய்யா!"

போன் வைக்கப்பட்டது. வேலை பிழைத்தது. ஆனாலும் ஆர்லோவுக்கு, பல்லிடுக்கில் மாட்டிய சோளத்தோல் மாதிரி, அந்த ஏழு பந்துகள் உறுத்திக்கொண்டே இருந்தன.

கிளம்பும் முன் வெர்னாவின் துண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடன் வைத்துவிட்டுப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. இனி யாரிடமும் எதையும் ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நீலத் தொப்பியை மோட்டல் குப்பைக்கூடையில் போட்டார். டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, மடங்கிக் கிடந்த ஆரஞ்சுத் தொப்பியை எடுத்து நீவி, தலையில் வைத்துக்கொண்டார். சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

சலவை அறையில் வெர்னா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல், இந்தத் தடவை மறைக்காமல், ஒரு ஜோடி ஆரஞ்சு சாக்ஸ் கிடந்தது. குதிகாலில் ஒட்டு, கணுக்காலில் மெம்ஃபிஸ் அணியின் முத்திரை, அதற்குக் கீழே மையால் எழுதிய கார்டெலின் பதினொன்றாம் எண்.

"துண்டுக்கு ரொம்ப நன்றிம்மா. நான் வரேன். பையனை வேணாம்னு சொல்லியாச்சு" என்றார் ஆர்லோ.

"ரொம்ப சந்தோஷம் சார். அவன்கிட்ட சொன்னா துள்ளிக் குதி..." என்று நிமிர்ந்த வெர்னாவின் பார்வை அவர் தலையில் போய் நின்றது. அவள் கையிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

"அட கடவுளே, நீங்க மெம்ஃபிஸா? இதைத் திங்கக்கிழமையே போட்டுக்கிட்டு வந்திருக்கக் கூடாதா சார்? மெம்ஃபிஸ்காரங்க வர்ற வரைக்கும் டுலூத்துக்காரன் கண்ணுல நல்ல ஆட்டக்காரனாத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு, அந்தப் புள்ள நாலு நாளா உங்க நீலத் தொப்பி எங்க இருக்குன்னு பாத்துப் பாத்துல்ல ஒவ்வொரு பந்தாக் கீழ போட்டான்!"